கிட்டங்கியும் லயமும்

வியாபார நிர்வாகத்தில் உயர்பட்டம் பெற்ற இளைஞரின் கலியாண அழைப்பிதழ் இன்று அச்சாகும்போது, எம்.பி.ஏ. என்னும் மூன்று எழுத்துகளும் அவர் பெயருக்குப் பின்னே தவறாமல் அச்சாகின்றன. அதில் பெற்றோர் பெருமை கொள்வது இயல்பே. பலரை ஒரு வேலையில் இணைத்துத் தலைமை தாங்குவது, இல்லாத தொழிலை உண்டாக்குவது, பிறர் பணத்தைக் கையாளும்போது நாணயம் தவறாதிருப்பது என்னும் மூன்றையும் அப்படிப்பில் கற்பிக்கிறார்கள். ஜோகூர் மாநிலத்தில் ஸ்கூடாயிலும் இஸ்கந்தர் புத்திரியிலும் இத்தகைய கல்வி அளிக்கும் கலாசாலைகள் ஓங்கி நிற்கின்றன. இவை மேனாட்டார் நமக்குக் கொணர்ந்த புதுச்சரக்கு என்று நம்மவரிற் பலர் எண்ணுகின்றனர். அது பாதி உண்மையே. இம்மூன்றையும் முறையாகக் கற்பித்த பள்ளிக்கூடம் ஒன்று, தமிழராலேயே நடத்தப்பெற்று, இதே ஜோகூர் மண்ணில் மூவார் முதலிய ஊர்களில் ஒரு காலத்தில் இருந்தது. அதற்குப் பெயர்ப்பலகை இல்லை. பட்டமளிப்பு விழாவும் இல்லை. அப்பள்ளியின் வாயில் யாருக்குத் திறந்திருந்தது, யாருக்கு மூடியிருந்தது என்பதே நாம் இங்கு ஆராயப் புகுவது.

ஜோகூரின் வியாபார வரலாறு ஆற்றங்கரைகளில் தொடங்குகிறது. 19ஆம் நூற்றாண்டில் இம்மாநிலத்தை ஆண்டவர்கள், சிங்கப்பூரிலிருந்து குடியேறிய சீனருக்குச் ‘சூராட் சுங்கை’ என்னும் ஆற்றுச் சீட்டை எழுதிக் கொடுத்தனர். சீட்டைப் பெற்றவர் கங்சூ எனப்பட்டார். ஆற்றங்கரையில் அவர் அமைத்த குடியிருப்பு கங்கார். ஸ்கூடாய்க்கு அருகில் கங்கார் பூலாய் என்று ஓர் ஊர் இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்பதை நேயர்கள் அறிவார்கள். காசுக்கட்டிக்கு இனமான கம்பீரும் மிளகும் அங்கே சேர்த்துப் பயிரிடப்பட்டன. கம்பீர் இலையைக் காய்ச்சியபின் எஞ்சும் சக்கை மிளகுக்கொடிக்கு எருவாயிற்று. முன்பணம் கொடுத்தவர்கள் சிங்கப்பூர் வியாபாரிகள். காட்டை வெட்டிக் கழனியாக்கிய துணிவுக்குக் கங்சூவைப் பாராட்டத்தான் வேண்டும். ஆயினும் அவருடைய எல்லைக்குள் அபினி விற்பதும் சூதாட்டம் நடத்துவதும் அடகு பிடிப்பதும் அவருடைய உரிமையாகவே இருந்தமையால், கூலியாள் பகலில் சம்பாதித்தது இரவில் அவரிடமே திரும்பிச் சென்றது. அபூபக்கர் மகாராஜாவின் ஆட்சியில், 1873இல், கங்சூக்களுக்கென்று தனிச் சட்டம் எழுதப்பட்டது. 1917இல் அம்முறை ஒழிந்தது.

கங்சூக்களில் வோங் ஆ பூக் என்பவர் பெயர் ஜோகூர் பாருவின் பெருவீதி ஒன்றுக்கு இன்றும் உண்டு. தச்சராக வந்து, ஒப்பந்தக்காரராக உயர்ந்து, அரண்மனை கட்டியவர் என்று அறியப்படுபவர் அவர். 1903இல் சிங்கப்பூரில் குவோங் யிக் பாங்கைத் தொடங்கியவரும் அவரே. அங்கே சீனர் தொடங்கிய முதல் பாங்கு அது. பத்தாண்டில், 1913இல், அது மூடப்பட்டது. தொழில் தொடங்கும் துணிவு ஒன்று, ஊரார் பணத்தைக் காத்து நிற்கும் பயிற்சி வேறொன்று என்பதை ஜோகூர் வரலாறு அப்போதே எழுதிக் காட்டிவிட்டது.

இனி நம்மவர் பள்ளிக்கு வருவோம். செட்டிநாட்டு நகரத்தார் வட்டித்தொழில் நடத்திய நீண்ட கூடத்துக்குக் கிட்டங்கி என்று பெயர். ஒரே கூடத்தில் பல விலாசங்கள் இருக்கும். விலாசம் என்பது கடையின் பெயரெழுத்து. ஒவ்வொரு விலாசத்துக்கும் தரையில் ஒரு பாய், ஒரு சாய்வுப் பெட்டி, ஓர் இரும்புப் பெட்டி, சுவரோரத்தில் பேரேடுகள். இவ்வளவே தளவாடம். இதனைக் கொண்டு இரங்கூன் முதல் சைகோன் வரையில், கொழும்பு முதல் மூவார் வரையில், கீழ்த்திசைப் பயிர்த்தொழிலுக்குப் பணம் ஊட்டினார்கள்.

பையன் பத்துப் பன்னிரண்டு வயதில் கடைக்குள் புகுவான். அதற்குள் எண்சுவடி அவனுக்கு நெட்டுருவாகியிருக்கும். முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒன்று, காணி என்பது எண்பதில் ஒன்று, மா என்பது இருபதில் ஒன்று என்று கீழ்வாய் இலக்கமெல்லாம் நாவின் நுனியில் நிற்கும். கடையில் அவன் பெட்டியடிப் பையன். பெருக்குவான், தண்ணீர் கொண்டுவருவான், கடன்காரர் வீட்டுக்கு ஆளாய் நடப்பான். இடையிடையே சிட்டை எழுதுவான். பிறகு பெட்டியடி, அதன்பின் அடுத்தாள், முடிவில் மேலாள் என்னும் ஏஜெண்டு. மேலாளாகும் நாளில் அவன் கடையின் ஒவ்வொரு வேலையையும் தன் கையால் செய்து பார்த்தவனாயிருப்பான். இன்றைய கலாசாலைகள் மாணவரைச் சில மாதம் தொழிற்சாலைக்கு அனுப்பிவைத்து, அதனைச் செயல்முறைப் பயிற்சி என்று பெருமையோடு அழைக்கின்றன.

மேலாள் கடல் கடந்து செல்வது மூன்றாண்டுத் தவணைக்கு. சம்பளச் சீட்டு முன்னதாகவே எழுதப்பட்டு, குடும்பச் செலவுக்காக ஒரு பகுதி முன்பணமாகத் தரப்படும். மனைவி மக்கள் ஊரிலேயே இருப்பார்கள். முதலாளியும் ஊரிலேயே இருப்பார். ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் தன் பெரும்பொருளைக் கையாளும் ஒருவனை அவர் எப்படி நம்பினார்? இங்கேதான் அப்பள்ளியின் நுட்பம் இருக்கிறது. கணக்குகள் ஒழுங்காக ஊருக்கு எழுதப்பட்டு வரும். தவணை முடிந்ததும் ஐந்தொகை தீர்த்துப் புது மேலாளிடம் கடையை ஒப்படைக்கவேண்டும். கணக்கு நேராயிருந்தால் இலாபத்தில் அவனுக்கும் பங்கு உண்டு. கணக்குத் தவறினால், அடுத்த கடையில் வேலையும் இல்லை. ஊரில் மதிப்பும் இல்லை. அவன் வீட்டில் பெண் எடுக்கவும் ஆள் வராது. கடையின் பொருளில் முதலாளியின் முதல்பணம் ஒரு பகுதியே. உறவினரின் மேம்பணமும், ஆச்சிமார் சேர்த்து வைத்த பணமும், கோவில் பணமும் அதில் கலந்திருந்தன. ஆகவே கடை முறிந்தால் ஊரே கேள்வி கேட்கும். தங்களுக்குள் வாங்கிக் கொடுக்கும் பணத்துக்கு நடப்பு வட்டி இன்னதென்று இரங்கூன் போன்ற இடங்களில் கோவிலில் கூடி மாதந்தோறும் முடிவு செய்தார்கள். தர்மத்துக்கு மகமை பிடித்தார்கள். தமிழில் நாணயம் என்னும் ஒரே சொல் காசையும் குறிக்கிறது, நேர்மையையும் குறிக்கிறது. கிட்டங்கியில் அவ்விரு பொருளும் பிரிக்கமுடியாதபடி ஒன்றாயிருந்தன.

இவ்வளவும் சொன்னபின், இப்பள்ளியின் குறைகளை மறைப்பது நேர்மையாகாது. அதன் ஒழுக்கம் கிட்டங்கிச் சுவருக்குள் அடங்கிய ஒழுக்கம். மேலாள் முதலாளியை ஏமாற்றக்கூடாது என்பதில் அது கண்டிப்பாயிருந்தது. கடன்காரனுடைய நிலம் கைமாறும்போது அது கண்ணை மூடிக்கொண்டது. 1930இல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்கள் பதின்மூன்றில் செட்டியார்களின் கையிலிருந்த நிலம் நூற்றுக்கு ஆறு பங்கு. நெல் விலை வீழ்ந்து, கடன்கள் நின்றுபோய், 1930களின் பிற்பகுதியில் அது நூற்றுக்கு இருபத்தைந்தாயிற்று. அவர்கள் நிலத்தை விரும்பி வாங்கவில்லை, கடனுக்காக வந்து சேர்ந்தது என்பது உண்மையே. நிலத்தை இழந்த பர்மிய உழவனுக்கு அந்த நுட்பம் விளங்குமா? அடுத்துவந்த பகையும் போரும் அந்த நிலத்தையும் கடைகளையும் சேர்த்தே கொண்டுபோயின.

மற்றொரு குறை நமக்கு இன்னும் நெருங்கியது. கிட்டங்கிப் பையன் பெரும்பாலும் நகரத்தார் வீட்டுப் பையன். தொழிலறிவு குலத்துக்குள் பிறந்து குலத்துக்குள்ளேயே வளர்ந்தது. மூவார்க் கடைவீதியில் ஐந்தொகை தீர்த்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், சிகாமட், லாபிஸ், குளுவாங் பக்கங்களில் ஆயிரக்கணக்கான தமிழர் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தனர். ஒரே மொழி, ஒரே கப்பல்துறை வழியாக வந்தவர்கள், ஒரே முருகனைக் கும்பிட்டவர்கள். ஆயினும் பேரேட்டைத் திறக்கும் வித்தை கடைவீதியிலிருந்து தோட்டத்துக்குச் செல்ல ஒற்றையடிப் பாதைகூட இருக்கவில்லை. சாதி என்பது தண்ணீர்ப் பானையையும் கோவில் வாசலையும் மட்டும் காவல் காத்தது என்று நினைப்பவர்கள், அது கணக்குப் புத்தகத்தையும் காவல் காத்ததைக் கவனிப்பதில்லை.

ஜோகூர் ரயில்பாதை 1909இல் முடிவடைந்தது. காடுகள் இரப்பர்த் தோட்டங்களாயின. தோட்டத்திலும் ஒருவகைத் தலைமை இருந்தது. ஊரிலிருந்து ஆள் கட்டி வந்த கங்காணி, வேலைக்கு வந்த தலைக்கு இவ்வளவு காசு என்று பெற்றுக்கொண்டு, கடனுக்கும் அவனே பொறுப்பு, வழக்குக்கும் அவனே பஞ்சாயத்து என்று வாழ்ந்தான். கணக்கு கிராணியிடம் இருந்தது. செக்ரோலில் பெயர் விழுந்ததா, அரைப்பேரா முழுப்பேரா என்பதைத் தொழிலாளி கேட்டறியலாமேயன்றிப் படித்தறிய முடியாது. தோட்டக்கடையின் பற்றுப் புத்தகமும் அப்படியே. கூட்டு மலாய் மாநிலங்களில் 1923இன் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்டத்தார் பள்ளி நடத்தவேண்டும் என்றது. ஜோகூர் அக்கூட்டில் சேராத மாநிலமாயினும், இங்குள்ள தோட்டப்பள்ளிகளும் அதே வார்ப்பில் அமைந்தவைதாம். பல இடங்களில் கங்காணியோ கிராணியோ வாத்தியாரானார். எழுத்தும் சிறிது எண்ணும் கற்ற பிள்ளை, பத்து வயதில் வாளி தூக்கினான். செட்டியார் வீட்டுப் பையன் பெட்டியடியில் அமர்ந்த வயதும் அதுவே என்பதை நாம் மறந்துவிடக்கூடாது.

இவ்விரண்டு உலகங்களுக்கும் நடுவே பாலம் போட முதலில் முயன்றது கூட்டுறவு இயக்கம். 1922இல் கூட்டு மலாய் மாநிலங்களில் கூட்டுறவுச் சட்டம் வந்தபின், தோட்டங்களில் ஐக்கிய நாணய சங்கங்கள் சிறிது சிறிதாக ஏற்பட்டன. சிக்கனம் பழகவும், அவசரத்துக்குக் கடன் பெறவும் அவை உதவின. அதற்கு மேல் அவை பெரிதாக எதையும் செய்துவிடவில்லை.

பெரிய சோதனை 1950களில் வந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல, நாட்டின் எதிர்காலத்தை எண்ணித் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி விற்றனர். துண்டானது நிலம் மாத்திரமன்று. லயமும், பள்ளியும், வைத்தியசாலையும் துண்டாயின. தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர் வேலையும் வீடும் ஒரே நாளில் இழந்தனர். 1951 முதல் 1960 வரையில் நடந்த இத்துண்டாடலை ஆராய்ந்து பெருநூலாக எழுதியவர், ஜோகூர் அரச குடும்பத்துக்கு உறவினரான உங்கு அப்துல் அஜிஸ். பொருளாதாரத்தைக் கிராமத்து ஏழையின் வீட்டு வாசலிலிருந்து பார்த்த அறிஞர் அவர். மக்கா யாத்திரைக்காக மலாய் உழவர் நிலத்தையும் மாட்டையும் விற்பதைக் கண்டு, 1959இல் சேமிப்புத் திட்டம் ஒன்றை எழுதினார். தாபோங் ஹாஜி அதிலிருந்து வளர்ந்தது. பின்னர் 1968 முதல் இருபதாண்டுக் காலம் மலாயாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராயிருந்தபோதும், கூட்டுறவு இயக்கத்தின் தலைமையை அவர் கைவிடவில்லை. 2020இல் மறைந்தார். தலைமை, ஒழுக்கம், தொழில்முயற்சி மூன்றையும் ஒருங்கே கற்பிக்க விரும்புவோர்க்கு ஜோகூரிலேயே உதாரணம் இருக்கையில், வேறெங்கும் தேடிப்போக வேண்டியதில்லை.

தோட்டத்தை வெட்டி விற்பதற்குத் தமிழர் தந்த விடை 1960இல் தோன்றிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். தலைமை தாங்கியவர் வீ. தி. சம்பந்தன். அவர் தோட்டந்தோட்டமாகச் சென்று, மாதம் பத்து வெள்ளியாகக் கட்டி நூறு வெள்ளிப் பங்கு ஒன்றை வாங்குங்கள் என்று கேட்டார். தோட்டம் விற்பனைக்கு வந்தால், அதில் வேலை செய்பவர்களே அதை வாங்கிவிடுவோம் என்பது கருத்து. எவ்வளவு எளிய கருத்து! ஆயினும் அதுவரை யாருக்கும் தோன்றவில்லை. கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. பிறகு பல தோட்டங்கள். சம்பந்தன் கற்றது சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில். 1929இல் அதனை நிறுவியவர் அண்ணாமலைச் செட்டியார். கிட்டங்கியின் செல்வம் ஒரு கலாசாலையாகி, அக்கலாசாலையில் பயின்றவர் தோட்டத் தொழிலாளிக்கு நிலம் வாங்கித் தந்தார். மூவார்க் கடைவீதிக்கும் லயத்துக்கும் இடையே இல்லாதிருந்த பாதை, கடலைச் சுற்றிக்கொண்டு இவ்வாறு வந்து சேர்ந்தது.

1982இல் மற்றொரு முயற்சி. ம.இ.கா. கட்சியின் ஆதரவில் மைக்கா ஹோல்டிங்ஸ் என்னும் கம்பெனி தொடங்கிற்று. நாட்டின் செல்வத்தில் இந்தியருக்கும் பங்கு வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. ஏறத்தாழ 66,000 பேர் பங்கு எடுத்தனர். பத்துக்கோடி வெள்ளிக்குமேல் சேர்ந்தது. தோட்டத்துப் பெண்கள் தாலிக்கொடி தவிர மற்ற நகைகளை அடகு வைத்துப் பணம் கட்டியதைப் பலர் இன்றும் சொல்லுவர். அவ்வளவு மக்கள் ஒரு குரலுக்குச் செவிசாய்த்தது தமிழர் ஒற்றுமைக்குப் பெருஞ்சான்றுதான். ஆனால் இலாபம் எதிர்பார்த்தபடி வரவில்லை. 1990இல் டெலிகோம் பங்குகளில் மைக்காவுக்கு ஒதுக்கப்பட்ட ஒரு கோடியில் பத்து லட்சமே அதன் கைக்கு வந்தது. மீதியைப் பற்றிய வாதம் பல ஆண்டு நீண்டது. கடைசியாக 2010இல், வேறொரு கம்பெனி பங்குக்கு 80 காசு கொடுத்து வாங்க முன்வந்தது. ஒரு வெள்ளி போட்டுக் கால்நூற்றாண்டு காத்திருந்தவர்களுக்கு அது வந்த விலை.

இவ்விரு முயற்சிகளுக்கும் வேறுபாடு எங்கே? தலைவர்களின் குணத்தில் என்று சொல்லி முடிப்பது எளிது. நாம் அவ்வளவில் நிற்கமாட்டோம். கூட்டுறவில் ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு. நூறு வெள்ளிக்காரரும் ஆயிரம் வெள்ளிக்காரரும் கூட்டத்தில் சமம். கம்பெனியில் பங்குக்கு ஒரு வாக்கு. கூட்டுறவு வாங்கியது மரமும் மண்ணும்; தொழிலாளி காலையில் எழுந்து போய்த் தன் முதலீட்டைத் தொட்டுப் பார்க்கலாம். கம்பெனி வாங்கியவை காகிதங்கள். அவற்றின் ஏற்ற இறக்கம் ஆண்டறிக்கையின் நடுப்பக்கங்களில் இருந்தது. அப்பக்கங்களைப் படிக்கும் வித்தையைத் தோட்டம் ஒருநாளும் கற்பிக்கவில்லை. கிட்டங்கியில் மேலாளை நேராக நிற்கவைத்தது அவனது நற்குணம் மட்டுமன்று. தனக்கு முன்னே முதலாளி, உறவினர், ஆச்சிமார் என்று கணக்குக் கேட்கத் தெரிந்த ஊர் ஒன்று நிற்கிறது என்னும் எண்ணமே. அறுபத்தாறாயிரம் பங்குதாரரில் ஐந்தொகை படிக்கத் தெரிந்தவர் ஆயிரம்பேர் இருந்திருந்தால், ஆண்டுக்கூட்டங்கள் வேறுவிதமாக நடந்திருக்கும் என்பது நம் துணிபு.

மேனாட்டு வரலாறும் இதையே காட்டுகிறது. அமெரிக்காவில் 1881இல் வார்ட்டன் கலாசாலையும், 1908இல் ஹார்வர்டு வியாபாரக் கலாசாலையும் தோன்றின. எம்.பி.ஏ. பட்டம் ஹார்வர்டில் பிறந்தது. இந்தியாவில் 1913இல் பம்பாயில் சிடன்ஹாம் வணிகக் கல்லூரியும், 1961இல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் நிர்வாகக் கழகங்களும் எழுந்தன. ஆயினும் 2001இல் திவாலான என்ரான் கம்பெனியை நடத்திய ஜெப்ரி ஸ்கில்லிங் ஹார்வர்டில் எம்.பி.ஏ. பெற்றவரே. 2008இன் பெருவீழ்ச்சிக்குப் பின், அடுத்த ஆண்டு, அக்கலாசாலை மாணவர்களே கூடி, வைத்தியர்கள் எடுப்பது போன்ற ஒழுக்க உறுதிமொழி ஒன்றை எழுதி ஏற்றனர். நல்ல எண்ணமே. ஆனால் உறுதிமொழி எடுப்பவர் மேலாள். கணக்குக் கேட்பவருக்கு யார் பயிற்சி அளிப்பது?

இக்கேள்வியோடு மீண்டும் ஜோகூருக்குத் திரும்புவோம். 1904இல் கோலாலம்பூரில் ஒரு தொழில்நுட்பப் பள்ளியாகத் தொடங்கிய மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இன்று ஸ்கூடாயில் நிற்கிறது. அதன் வியாபாரக் கலாசாலைக்கு அஸ்மான் ஹாஷிம் என்னும் பாங்கரின் பெயர். இஸ்கந்தர் புத்திரியில் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தின் கிளை, 1945இல் தோன்றிய ஹென்லி வியாபாரக் கலாசாலையின் பெயரோடு நடக்கிறது. சீனச் சகோதரர்கள் 1913இல் ஜோகூர் பாருவில் பூன் யூ பள்ளியை நிறுவினர். 1990இல் ஸ்கூடாயில் சதர்ன் கல்லூரியைத் தம் சமூகத்தின் நன்கொடையால் எழுப்பி, 2012இல் அதைப் பல்கலைக்கழகக் கல்லூரியாக உயர்த்தினர். தமிழர் பணத்தால் எழுந்த ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் கெடாவில் இருக்கிறது. இவற்றுள் எதிலும் சாதி கேட்பதில்லை. கிட்டங்கியின் கதவைவிட இக்கதவுகள் அகலமானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் இவை திறப்பது இருபது வயதுக்குமேல், முதற்பட்டம் பெற்று, ஆங்கிலம் கைவந்து, கட்டணமும் கையில் உள்ளவருக்கு.

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்து இடைநிலைப் பள்ளிக்குச் செல்லும் லாபிஸ் பக்கத்துத் தோட்டப்பிள்ளை அந்த வாசலை அடைவதற்குமுன் கடக்கவேண்டிய தூரம் பெரிது. அப்பிள்ளையின் வீட்டில் இன்றும் மரணச் சகாய நிதிக்குப் பணம் கட்டுகிறார்கள், தோட்டத்துக் கோவில் திருவிழாவுக்கு வரி கொடுக்கிறார்கள், சீட்டுப் பிடிக்கிறார்கள். பணம் சேர்ப்பதில் நம்மவர் ஒருநாளும் பின்வாங்கியதில்லை. சேர்ந்த பணத்தின் வரவு செலவைக் கூட்டத்தில் நிறுத்தி வாசித்து, ஒவ்வோர் இனத்துக்கும் சீட்டுக் காட்டும் கமிட்டிகள் சில உண்டு. ‘கணக்கெல்லாம் சரியாயிருக்கிறது’ என்று ஒரு வாக்கியத்தில் முடிக்கும் கமிட்டிகள் பல உண்டு. இரண்டாவது வகைக் கூட்டத்தில் எழுந்து, ஐந்தொகையைக் காட்டுங்கள் என்று கேட்கும் பையனை மரியாதை தெரியாதவன் என்று உட்காரவைக்கும் பெரியவர்களும் உண்டு.

செட்டியார் வீட்டுப் பையன் பேரேட்டைத் தொட்டது பத்து வயதில். தோட்டத்துப் பிள்ளை இன்று அதை முதன்முதலாகக் காண்பது பதினாறு வயதில், நான்காம் படிவத்தில். அதுவும், கணக்கியல் விருப்பப் பாடமாக அப்பள்ளியில் இருந்து, அப்பிள்ளை அதைத் தேர்ந்துகொண்டால்.